அழிக்கச் சொன்ன கடிதம்

ஜவ்வாது மலை
3.8.2025

மெர்சிக்கு,

நலம். நீயும் உன் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீ என் போனை எடுப்பதில்லை என்ற கோபத்தில் இதை எழுதவில்லை. நீ எடுத்தாலும் நம் ஊரிலிருந்து பேச முடியாது என்று உனக்கே தெரியும். டவர் கிடைக்க மேட்டு நிலம் வரை ஏற வேண்டும். ஏறி நின்று, எப்போதாவது நீ எடுத்துப் பேசினாலும் இரண்டாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது. மேடேறிப் போய்ச் சண்டை போடுவதைவிட உட்கார்ந்து எழுதுவது மேல்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்துக் கோகிலவாணி டீச்சர் மாற்றலாகிப் போகும்போது அவருடைய பழைய பிரிண்டரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நீ உன் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து கொண்டுவந்து வைத்தாயே, அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. வயரைச் சொருகினேன். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கறுப்புத் திரையில் ஏதோ அடித்து எல்லாவற்றையும் ஏற்றுவாயே, அதை எனக்கு எழுதி அனுப்பு. பிரிண்டரின் அடியில் ஒட்டியிருக்கும் நம்பரைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

ஒரு மனுவை அச்செடுக்க ஊர்க்காரர்கள் ஜமுனாமரத்தூர் வரை போய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். இங்கேயே இருந்தால் நல்லதுதானே. அம்மா மட்டும், “உனுக்கு இன்னாத்துக்குடா இந்த வேல” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சாயந்திரம் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். பக்கத்து வீட்டு வசந்தியின் மகளும் இன்னும் நாலைந்து பேரும். பென்குயின் வரும் அந்தப் படம் வரையும் நிரலில்தான் எல்லோருக்கும் போட்டி. தன்ஷியோடு உட்கார்ந்து வரைந்த அதே கூட்டம். நம் பிள்ளை போய் ஒன்பது மாதம் ஆகப்போகிறது. நீ மலை இறங்கியும் அவ்வளவுதான். பதில் எழுது.

வெற்றிவேல்

---

கணியம்பாடி
9.8.2025

வெற்றிவேல் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா நலம். நானும் வேலைக்குப் போய்வருகிறேன்.

பிரிண்டரின் நம்பரை அனுப்பியது நல்லதாயிற்று. அங்கே இன்டர்நெட் இல்லாததால் அதற்குரிய பேக்கேஜைச் சென்டரில் இறக்கிப் பென்டிரைவில் போட்டிருக்கிறேன். பேக்கேஜ் என்பது நிரலும், அதன் பகுதிகளை எங்கெங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்த ஒரே கட்டு. ஜமுனாமரத்தூர் பஸ் கண்டக்டர் ராஜ்குமாரிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். பென்டிரைவில் printer என்ற கோப்புறை, அதாவது ஃபோல்டர், இருக்கும். அதை உங்கள் வீட்டுக் கோப்புறைக்கு நகலெடுத்துவிட்டு, கறுப்புத் திரையைத் திறந்து இந்த இரண்டு வரிகளை அடியுங்கள்:

cd printer
sudo dpkg -i *.deb

கடவுச்சொல் கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அதனால் எழுத்து விழவில்லை என்று நினைக்க வேண்டாம். கடவுச்சொல் தன்ஷி பிறந்த தேதிதான். நான் மாற்றவில்லை.

எழுதியதை எழுதியபடி அடியுங்கள். இடைவெளியைக்கூட மாற்ற வேண்டாம். உங்களுக்குத் தோன்றியதைச் செய்ய வேண்டாம். உங்களுக்குத் தோன்றியதைச் செய்து என்ன ஆனது என்று நம் இருவருக்கும் தெரியும். நவம்பர் பதிமூன்றாம் தேதி மதியம் மூன்று மணிக்கு, சாமை மூட்டை ஏற்றிய வண்டி கீழே போகிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதில் போய்விடலாம் என்று சொன்னேன். “ஊசி போட்டாச்சி, காய்ச்ச எறங்கிடும், காலைல மொத பஸ்ல போய்க்கலாம்” என்றீர்கள். முதல் பஸ்ஸில்தான் போனோம். அன்று மதியமே அவளை வேன் வைத்துத் திருப்பிக்கொண்டு வந்தோம்.

இதை எழுதக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதவும் மனம் வரவில்லை.

மெர்சிலின்

---

ஜவ்வாது மலை
17.8.2025

மெர்சிக்கு,

ராஜ்குமார் பென்டிரைவைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். நீ எழுதியபடியே அடித்தேன். மூன்று தரம் சரிபார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன். சரசரவென்று ஓடி நடுவில் நின்றுவிட்டது. திரையில் வந்த எல்லாவற்றையும் அப்படியே பார்த்து இதன் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதியதற்கப்புறம் இவ்வளவு இங்கிலீஷ் நான் எழுதியதே இல்லை. dependency problems என்ற வார்த்தை நாலு இடத்தில் வருகிறது. அதோடு மூலையில், கம்ப்யூட்டரின் வட்டில் இடம் தீரப்போகிறது என்று ஒரு எச்சரிக்கையும் வந்தது.

அந்த வண்டியைப் பற்றி எழுதியிருந்தாய். நீ எழுதாவிட்டாலும் எனக்கு மறக்காது. நான் தகப்பன் என்ற திமிரில் சொன்னேன். மழை தூறிக்கொண்டிருந்தது, மூட்டை மேல் பிள்ளையை எப்படி உட்கார வைப்பது என்று யோசித்தேன். அது சாக்கு இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். நம் மேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு போயிருக்கலாம்.

இனி நீ சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

வெற்றிவேல்

---

கணியம்பாடி
26.8.2025

வெற்றிவேல் அவர்களுக்கு,

இம்முறை தவறு என்னுடையது. ஒரு நிரல் தனியாக நிற்காது. அது வேலை செய்யக் கூடவே இன்னும் ஐந்து நிரல்கள் வேண்டும். இன்டர்நெட் இருந்தால் அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். இங்கே எல்லாம் தானாக வந்துவிடுவதால் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. இப்போது ஆறையும் வேறு பென்டிரைவில் போட்டு அனுப்புகிறேன். முன்பு போலவே நகலெடுத்துவிட்டு, நான் எழுதிய இரண்டு வரிகளையே திரும்ப அடித்தால் போதும்.

ஆனால் அதற்கு முன்னால் இடம் பண்ண வேண்டும். முதலில் இதை:

sudo apt remove tuxpaint

அது படம் வரையும் நிரலை நீக்கும். பிறகு இதை:

sudo apt autoremove

அந்த நிரலுக்குத் துணையாக வந்து, இப்போது யாருக்கும் தேவைப்படாமல் கிடப்பவற்றை இது பட்டியல் போட்டு நீக்கும். இரண்டு முறையும் சரியா என்று கேட்கும், y அடியுங்கள். வகுப்பில் இந்தப் பட்டியலைக் காட்டும்போதெல்லாம் எனக்கு என் நினைவுதான் வருகிறது. தன்ஷி பிறந்த பிறகுதான் உங்கள் அம்மா என்னை வீட்டுக்குள் விட்டார். அவள் போன பிறகு அந்த வீட்டில் நான் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அந்த நிரலை இடத்துக்காக மட்டும் எடுக்கச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் உட்கார்ந்த முக்காலியில் வேறு பிள்ளைகள் உட்கார்ந்து, அவள் பிடித்த மவுஸைப் பிடித்து வரைகிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தாங்கவில்லை. வசந்தியின் மகள் என்ன பாவம் செய்தாள், எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் தாங்கவில்லை. அது அந்தக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டாம்.

நிரலை நீக்கினாலும் அது தனக்காக வைத்திருந்த குப்பைகள் வீட்டுக் கோப்புறையில் ஒளிந்து கிடக்கும். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தவை சாதாரணமாகக் கண்ணில் படாது. அதையும் எடுத்துவிடுங்கள்:

rm -r ~/.tuxpaint

அரைகுறையாக விட்டுவைக்க வேண்டாம். இந்த மூன்றும் முடிந்த பிறகு பிரிண்டர்.

மெர்சிலின்

---

ஜவ்வாது மலை
7.9.2025

மெர்சிக்கு,

எல்லாம் முடிந்தது. நீ எழுதிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடித்தேன். ஆறு நிரலும் ஏறின, எங்கேயும் நிற்கவில்லை. முதல் தாளில் என் பெயரை அச்சடித்துப் பார்த்தேன். அம்மா தாளை வாங்கித் தடவி, “சூடா கீதுடா” என்றாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று. மறுநாளே நாலு பேர் மனு எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். மனுவுக்காக இந்தப் பிரிண்டரைக் கேட்கவில்லை. நவம்பர் பதினான்கோடு ஒரு வருஷம் ஆகிறது. நீ அங்கே மாதா கோயிலில் பூசை வைப்பாய், நான் இங்கே படையல் போடுவேன். தன்ஷி வரைந்த படங்களை எல்லாம் அச்செடுத்து, ஒரு கட்டை உனக்கு அனுப்பிவிட்டு, ஒரு கட்டைப் படையலில் வைக்கலாம் என்று நினைத்தேன். முன்னாலேயே சொன்னால் வேண்டாம் என்பாயோ என்று பயம்.

நாலு கால் வைத்த கோழி, பச்சைப் புடவையில் நீ, அம்மாவும் அவளுடைய ஆடும், முகமே இல்லாமல் மீசை மட்டும் போட்டு ‘அப்பா’ என்று எழுதிய படம். இருபத்திரண்டு இருந்தன. கம்ப்யூட்டரில் தேடினேன், கிடைக்கவில்லை. படங்கள் வைக்கும் கோப்புறையில் நம் கல்யாண போட்டோதான் கிடக்கிறது. நீ போகும்போது எடுத்துக்கொண்டு போயிருப்பாய், அதனால்தான் இங்கே இருப்பதை நீக்கச் சொன்னாய் என்று புரிந்துகொண்டேன். அவற்றைப் பென்டிரைவில் போட்டு ராஜ்குமாரிடம் கொடு. நல்ல தடித்த தாள் வாங்கி வைத்துவிட்டேன்.

வெற்றிவேல்

---

கணியம்பாடி
10.9.2025

கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். இதைப் படித்து முடிப்பதற்கு முன்னால் போய் அணையுங்கள். மனு, அச்சு எதுவும் வேண்டாம். பெட்டியை மட்டும் கழற்றி, துணி சுற்றி, ராஜ்குமாரிடமே கொடுத்தனுப்புங்கள்.

நான் எதையும் எடுத்துக்கொண்டு வரவில்லை. மாற்றுத்துணிகூட எடுக்காமல்தான் வந்தேன். படங்கள் எல்லாம் அந்தக் கல்யாண போட்டோ இருக்கும் கோப்புறையில் இருப்பதாகவே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு சென்டரில் அதே நிரலை ஏற்றி, ஒரு கோடு போட்டுச் சேமித்து, எங்கே போகிறது என்று தேடினேன். புள்ளி வைத்த அந்தக் கோப்புறைக்குள் போயிருந்தது. குப்பை என்று எழுதினேனே, அதற்குள். எட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

அழித்தது உடனே போய்விடாது. அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதும் வரை அடியில் கிடக்கும். ஆனால் அதன் மேல் நீங்கள் பிரிண்டர் நிரல்களை ஏற்றியிருக்கிறீர்கள், நான் சொன்ன வரிசையில். இனி ஒன்றும் ஏறக் கூடாது. சீக்கிரம் அனுப்புங்கள்.

மெர்சி

---

ஜவ்வாது மலை
12.9.2025

மெர்சிக்கு,

அணைத்துவிட்டேன். பெட்டியை என் வேட்டியில் சுற்றிக் கோணியில் கட்டியிருக்கிறேன். ராஜ்குமார் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன் என்றான்.

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அந்த நிரலை நீக்குவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை திறந்தேன். இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வசந்தியின் மகள் வரைந்ததும் மற்றப் பிள்ளைகள் வரைந்ததும் கலந்துதான் இருந்தன, ஆனால் எது தன்ஷியுடையது என்று எனக்குப் பார்த்ததும் தெரியும். பிறகு நிரலை நீக்கினேன். மூன்றாவது வரியை அடித்துவிட்டு என்டர் தட்டாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதில் அந்த நிரலின் பெயர் இருந்தது. அழித்தால் படங்களும் போய்விடுமோ என்று தோன்றியது. அம்மா வந்து, “இன்னாடா மரம் மாதிரி குந்தினு கீற” என்று கேட்டாள்.

வேண்டாம் என்றுதான் மனசு சொன்னது, மெர்சி. மேடேறிப் போய் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கும் என் மனசு சொன்னதைத்தானே கேட்டேன். அவளைப் புதைத்த இடத்தில் நின்று, இனி எந்தக் காரியத்திலும் உன் பேச்சை மீறுவதில்லை என்று முடிவு செய்தவன் நான். உனக்குத் தெரியாமல் எழுதியிருக்க மாட்டாய், ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். பிரதி இல்லாவிட்டாலும், பெற்றவள் நீ, பார்க்கத் தாங்காமல் அழிக்கச் சொல்கிறாய் என்று நினைத்தேன். தட்டிவிட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. அது எதுவும் கேட்கவும் இல்லை.

எதையாவது மீட்டுக் கொடு. ஒன்று கிடைத்தாலும் போதும்.

வெற்றி

---

கணியம்பாடி
2.10.2025

அன்புள்ள வெற்றிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னியுங்கள். பெட்டியை இங்கே ஆன் செய்யாமலேயே, எல்லாம் சேமித்திருக்கும் வட்டைக் கழற்றி, அதில் புதிதாக எதுவும் எழுத முடியாதபடி சென்டர் கம்ப்யூட்டரோடு இணைத்து, மீட்பதற்கென்றே இருக்கும் நிரலை ஏற்றித் துழாவினேன். ஒருமுறை முழுதாகத் தேட ஒன்பது மணி நேரம் ஆகிறது. நாலு முறை தேடினேன். சென்டரில் என்னோடு வேலை செய்யும் பிரவின்ராஜும் தன் பங்குக்கு இரண்டு நாள் பார்த்தார். பிரிண்டர் நிரல்கள் கிடைத்தன. நீங்கள் உங்கள் பெயரை அச்சடித்த தாள் கிடைத்தது. பென்குயின் முகம் நூறு கிடைத்தது. பிள்ளைகள் வரைந்தவற்றில் மூன்று கிடைத்தன. இரண்டு திறக்கவே இல்லை. மூன்றாவது மேலே கால் பங்கு மட்டும் திறந்தது. நீல வானம், ஓரத்தில் பாதிச் சூரியன், அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். அவ்வளவுதான். அது தன்ஷி வரைந்ததா, வசந்தியின் மகள் வரைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெற்றவள் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தை இருபது நாளாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். என் பேச்சை மீறுவதில்லை என்று முடிவு செய்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த முடிவை நீங்கள் எடுக்கக் காரணம் நான் மறைத்த ஒரு விஷயம். இதற்குமேல் மறைத்தால் நான் மனுஷி இல்லை.

அன்று ஆஸ்பத்திரியில் நீங்கள் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடியபோது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நேத்து சாயந்திரமே வந்திருந்தாலும் இதாம்மா ஆயிருக்கும். மூளைக்கு ஏறி ரெண்டு நாளாச்சி. யார் மேலயும் தப்பு இல்ல, உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க” என்றார். நான் உங்களிடம் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, என்னாலதான் என்னாலதான் என்று அழுதுகொண்டிருந்தீர்கள். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் தப்பு செய்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. தப்பை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. கடைசியில் அந்த வண்டியில் போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். அப்படியே உங்களுக்கு எழுதியும் அனுப்பினேன்.

அந்தப் பிற்பகலில் நீங்கள் சொன்னதால் எதுவும் மாறவில்லை. நான் எழுதிய ஒரு வரியால் அவளிடமிருந்து மிச்சம் இருந்ததும் போய்விட்டது. மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டால் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

மெர்சி

---

ஜவ்வாது மலை
26.10.2025

மெர்சிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஐந்து முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இதையும் கிழிக்காமல் இருந்தால் அனுப்புகிறேன்.

அந்த லோடு வண்டி இப்போதும் வாரம் இரண்டு தரம் வருகிறது. அது ஹாரன் அடிக்கும்போதெல்லாம் நான் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வேன், அது திருப்பத்தைத் தாண்டும் வரை. ஒரு வருஷமாக இதுதான். உன் கடிதம் வந்த மறுநாளும் வந்தது. இனிப் போக வேண்டியதில்லை என்று தெரிந்தும் கால் தானாகப் போய்விட்டது. அங்கே நின்றபோதுதான் உன் மேல் கோபம் வந்தது. வாழ்க்கையில் இந்த மாதிரி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளைப் புதைத்த அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நீ மூட்டை இல்லாமல் பஸ் ஏறினாயே, அன்றைக்காவது ஜன்னல் வழியாகச் சொல்லியிருக்கலாம்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ, “ஒண்டியா எப்டிடா இத்தினி நாள் வெச்சினு இருந்துச்சி அந்தப் பொண்ணு” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோன்றும் நாள் வரலாம், இப்போது இல்லை. அதனால் மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். படங்களுக்காக நீ கேட்ட மன்னிப்பு வேண்டாம், அதில் என் விரலும் இருக்கிறது.

இருபத்திரண்டையும் மறப்பதற்குள் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். என்னென்ன படம், எங்கே என்ன நிறம் என்று. பதினேழு நினைவுக்கு வந்தது. அதற்குமேல் வரவில்லை. நீ அவளோடு கூடவே உட்கார்ந்திருப்பாய், உனக்கு மிச்சம் ஐந்தும் தெரிந்திருக்கும். எழுதி அனுப்பு.

பதினான்காம் தேதி படையல். பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம், பிள்ளைகளிடம் ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கால் பங்குப் படத்தை மட்டும் அச்சடித்து ராஜ்குமாரிடம் கொடு, நீ வருவதானால் கையிலேயே கொண்டு வா. உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று நினைக்காதே. சூரியனை ஓரத்தில் பாதியாக எல்லாப் பிள்ளைகளும்தான் போடுகிறார்கள். வசந்தியின் மகளிடம் காட்டினால் தன்னுடையதா இல்லையா என்று உடனே சொல்லிவிடுவாள். அவளிடம் காட்ட வேண்டாம் என்று இருக்கிறேன்.

வெற்றிவேல்